அந்தப் பிளாட்டினத்த எவன் சார் திங்கான்?

நேற்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். எக்ஸ்ரே பிலிம் கழுவிய புளித்த நெடி மூக்கில் ஏறியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ஒண்ணும் ஆவாது சார்" என்றாள் அங்கிருந்த பெண். யார் நம்புவார்? கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி, மச்சான். பைக் விபத்தில் நீ போய் ஒரு வருஷமாகியும் அது என்னை விடவில்லை.

ஒரகடத்து வார்ப்படக் கம்பெனியில் காமா கதிர் விட்டுப் படமெடுத்து, இரும்புக்குள் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. நான் மணிமங்கலம், நீ திருநெல்வேலிப் பக்கம். பயிற்சி வகுப்பிலேயே உன் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. ஆல்ஃபா சிதைவில் அணுக்கருவிலிருந்து இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் போய்விடும். பீட்டாவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகும். எடை கிட்டத்தட்ட அதே, தனிமம் வேறு. காமாவில் சக்தி மட்டும் வெளியேறும், தனிமம் மாறாது. கதிர் விடும் நம் சோர்ஸில் இருக்கும் இரிடியம் பீட்டாவை விட்டுப் பெரும்பாலும் பிளாட்டினமாகிறது, கூடவே காமாவும் வருகிறது என்றதும் நீ கையைத் தூக்கினாய்.

"பழைய சோர்ஸத் திருப்பி அனுப்புதோம்லா, அந்தப் பிளாட்டினத்த எவன் சார் திங்கான்?"

வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. மெஸ் சாம்பார், பஸ் டிரைவரின் கடிகாரம், எதையும் நீ நம்பியதில்லை. நான் சூப்பர்வைசர் ஆன அன்று, "நீ பீட்டா கேஸுல. எடை அதேதான், ஆளு வேற" என்றாய். எனக்குச் சுருக்கென்றது.

இரிடியம் எழுபத்து நாலு நாளில் பாதியாகிவிடும். அந்தச் சம்பவம் நடந்த அன்று நம் சோர்ஸ் பழசு. ஒவ்வொரு படத்துக்கும் நேரம் இழுத்தது. வெளியே சரக்கேற்ற லாரி காத்து நின்றது. கைப்பிடியைச் சுற்றி, சோர்ஸைப் பெட்டிக்குள் இழுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கதிரை அளக்கும் மீட்டரிலோ பேட்டரி இல்லை.

"உள்ள போய் பிலிமை எட்தாடா. பெட்டிப் பூட்டு உழுந்துச்சு, என் காதால கேட்டேன்."

"ஒன் காத நான் நம்ப முடியுமால? மீட்டர் வரட்டும். அதுவர நானும் போவமாட்டேன், ஒன்னயும் விடமாட்டேன்."

படமெடுக்கும் அறையின் வாசலை மறித்து நின்றாய். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 'வேலை செய்ய மறுக்கிறார்' என்று எழுதி ஆபீஸுக்கு அனுப்பினேன்.

வேறொரு மீட்டர் வந்தது. வாசலுக்கு வருமுன்பே முள் கடைசிக்கு ஓடியது. சோர்ஸ் பெட்டிக்குத் திரும்பாமல் குழாயிலேயே சிக்கிக் கிடந்தது. எல்லோரையும் விலக்கி, பாதுகாப்பு அதிகாரியை அழைத்தோம். விசாரணையில், மீட்டருக்காகக் காத்திருந்தது நான்தான் என்றேன். பாராட்டினார்கள், பாவிகள்! நான் எழுதிய காகிதம் உன் ஃபைலிலேயே கிடந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் உன்னைப் புதுப்பிக்கவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால், பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டாய்:

"ஏல, அந்தக் காயிதத்தத் திரும்ப வாங்கிட்டியா?"

"அன்னிக்கே வாங்கி கிழிச்சுட்டேன் மச்சான்."

நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி, எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்தாய். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

அந்தத் தோளோடுதான் இன்னும் திரிகிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் காதைப் போல என் வார்த்தையையும் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதாடா?