பச்சைக் காரின் இடது இருக்கை

ஜூலை 6, ஞாயிறு

விடியும் முன்பே காற்று. சயனைட் மேட்டிலிருந்து, சுரங்கத்தில் தங்கம் எடுத்து மிஞ்சிய பொடி பறந்து வருகிற மாதம். ஜன்னல் விளிம்பில் விரலால் பெயர் எழுதலாம்.

இந்தக் காற்றில் பெயிண்ட் அடிப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் மெக்கானிக் தனபாலுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. மற்ற நாளெல்லாம் இருட்டோடு ரயிலேறி பெங்களூர்ப் பட்டறைக்குப் போய்விடுகிறான். பானெட் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் கார் முடிந்தது. பிறகு பங்காருபேட்டை வரை நானே ஓட்டிப் போவேன். ஊரை விட்டுப் போன ஒரு சுரங்க அதிகாரியின் பங்களாவுக்குப் பின்னால், கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. இரண்டே இருக்கை, மேலே கூரை இல்லை. வாங்கிய நாளிலிருந்து எனக்கு வேறு ஆசை இல்லை.

ஷெட்டைச் சுற்றிலும் நனைத்த படுக்கை விரிப்புகள். மாமியார் காலத்து வழக்கம். பொடிக்காற்று மாதங்களில் எல்லா வீட்டு ஜன்னலிலும் ஈரத்துணி தொங்கும். தரைக்கும் தண்ணீர் தெளித்தேன்.

பெயிண்ட் கன்னை நான்தான் பிடித்தேன். தனபாலுக்கு முகம் சுருங்கியது. "அம்மா, கை ஒரே வேகத்துல போவணும்."

"போகும்."

கஸ்தூரி வாசற்படியில் காபியோடு நின்று வேடிக்கை. என் வீட்டுக்காரரின் தங்கை. தபாலாபீஸிலிருந்து ஓய்வு பெற்றவள். இவர் போன பிறகு எனக்குத் துணை என்று வந்தாள். யாருக்கு யார் துணை என்பது இன்னும் முடிவாகவில்லை. "இன்னா அண்ணி, காருக்குக் கொசுவலை கட்டினாப்ல கீது?"

நன்றி: கரண்ட் போகாததற்கு. கை நடுங்காததற்கு. அடர்பச்சை என்கிற நிறத்துக்கு.

ஜூலை 7, திங்கள்

பானெட் கண்ணாடி மாதிரி. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கஸ்தூரி வந்து ஒரு விரலை வைத்து இழுத்தாள். "ரவையைக் கொட்டி வச்சாப்ல கீதே அண்ணி."

பொறாமை என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பிறகு நானும் விரலை வைத்தேன். பொடி. பானெட் முழுக்க.

தவறு என்னுடையது. அந்த விரிப்புகளைத் துவைத்து வெளிக்கொடியில்தான் காயப்போட்டிருந்தேன், இதே காற்றில். அவை ஏற்கெனவே பொடியைச் சுமந்துகொண்டு வந்தவை. மத்தியானத்தில் ஈரம் காய்ந்ததும் எல்லாவற்றையும் என் பெயிண்ட் மேல் உதறிவிட்டன. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா?

இன்னொன்று. விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? சுரங்கச் சோதனைக்கூடத்தில் கடுகை விடச் சின்னத் தங்க மணியைத் தராசில் நிறுத்த கண் இது. கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

ரா.பேட்டை கடைத்தெருவில் வாங்க வேண்டியவை: வாட்டர் பேப்பர் (தேய்க்க, மெல்லியது), தின்னர் 2 லி., கஸ்தூரிக்குக் கால்வலித் தைலம், வெந்தயம்.

நன்றி: கஸ்தூரியின் விரலுக்கு. அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

மூன்று நாளாகத் தேய்ப்பு. தண்ணீர் விட்டு, பேப்பர் வைத்து, வட்டம் போடாமல் நேராக. முழங்கையில் வீக்கம். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் வேலை இன்னும் சுத்தமாக வருகிறது. யாரும் பார்க்கவில்லை.

மகன் சுரேஷ் பெங்களூரிலிருந்து போன். "இன்னும் எத்தனை நாள்மா அந்த டப்பாவோட?" டப்பா என்றதும் வைத்துவிட்டேன். திரும்ப அவனே கூப்பிட்டு மன்னிப்பு. நல்ல வளர்ப்பு. நன்றி.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடியும் பெயிண்ட். இந்த முறை விரிப்புகளைக் குளியலறையிலேயே அலசி, சொட்டச் சொட்டக் கட்டினோம். கஸ்தூரி பக்கெட்டும் சொம்புமாகச் சுற்றிச் சுற்றி வந்து காயாமல் பார்த்துக்கொண்டாள். புடவை முழுக்க ஈரம்.

"கோயில் தேருக்குக் கூட இவ்ளோ தண்ணி ஊத்தினதில்ல."

"வாயை மூடு, பொடி போகும்."

"என் வாய்க்கா, பெயிண்டுக்கா?"

கன்னைத் தனபாலிடம் கொடுத்துவிட்டேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். பாதியில் அவனுக்கும் ஒரு இடத்தில் பெயிண்ட் வழிந்தது. என்னைத் திட்ட முடியாமல் கம்ப்ரஸரைத் திட்டினான். சாயங்காலம் விரல் வைத்தேன். அந்த ஒரு இடம் தவிர வழவழப்பு.

நன்றி: இரண்டு பேருக்கும். கோழிக்குழம்பு வைத்தேன், சொல்வதற்குப் பதில்.

ஜூலை 20, ஞாயிறு

பானெட்டைப் பூட்டினோம். மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கோணல். நடுவில் புடைத்து, பிறகு உள்ளே போகிறது. அழகான வண்டிக்கு அசிங்கமான வகிடு.

"தனபால், கழற்று."

"நேராத்தான் கீதும்மா."

"எனக்குக் கண் இல்லையா?"

அவன் கோபத்தோடு பையிலிருந்து நூலை எடுத்தான். ஒரு முனையைக் கஸ்தூரி பிடித்தாள், இன்னொன்றை அவன். இழுத்து, இடைவெளி மேலே வைத்தார்கள். "இப்ப பாருங்க. நூலு பொய் சொல்லுமா?"

பார்த்தேன். நூலும் வளைந்திருந்தது.

"இழுத்துப் பிடி கஸ்தூரி."

"இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும் அண்ணி."

உள்ளே வந்தேன். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். வலது கண்ணை மூடி ஒரு முறை, இடதை மூடி ஒரு முறை. எல்லாக் கம்பியும் நடுவில் இடுப்பு ஒடிந்து நின்றது. கோடு போட்ட இந்தத் தாளும் அப்படித்தான் இருக்கிறது, இப்போது கவனிக்கிறேன்.

தனபால் காபி குடிக்காமல் போய்விட்டான்.

ஜூலை 22, செவ்வாய்

கோலார், கண் டாக்டர். பஸ்ஸில் கஸ்தூரி ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள். அவள் விட்டுக்கொடுத்தபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. பார்வையின் நடு இடம் தேய்ந்துகொண்டு வருகிறதாம், இரண்டு கண்ணிலும். அதனால்தான் நேர்க்கோடு வளைகிறது, பொடி தெரியவில்லை. கண்ணில் ஊசி போட்டால் இருக்கிற பார்வை நிற்கலாம். போனது வராது.

"கார் ஓட்டலாமா?"

"பேடா ஆண்ட்டி. ஓட்டக் கூடாது."

"விடியற்காலை, ரோட்டில் யாரும் இல்லாதபோது?"

"யாரும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரியான பதில். அவளை வளர்த்தவர்களுக்கு ஒரு நன்றி. ஊசியும் இன்றே போட்டாள். பயந்த அளவு வலி இல்லை.

திரும்பும் வழியில் கஸ்தூரி பேசாமல் வருவது இவர் இறந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

ஜூலை 24, வியாழன்

தூறல். கார் மேல் தார்ப்பாய். போய்ப் பார்க்கவில்லை.

சுரேஷ் போன். குரல் மென்மையாக. வாங்க ஆள் இருக்கிறாராம், பெரிய வீடு, இதுபோல ஐந்தாறு வண்டி வைத்திருக்கிறாராம், நன்றாகப் பார்த்துக்கொள்வாராம். கரிசனத்தில்தான் சொல்கிறான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

கஸ்தூரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "டேய் சுரேசு, காரை வித்துட்டா உங்கம்மா சண்ட போட நான் ஒருத்திதான் மிச்சம். என்னால தாங்காதுடா. வையி." வைத்துவிட்டாள்.

பிறகு என்னிடம்: "எனக்கு லைசன்சு கீது. நான் ஓட்டறேன்."

லைசன்ஸ் உண்டுதான். சுரேஷ் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் அவனுடைய கியர் இல்லாத காரை ஓட்டியவள். அதை ஓட்டுவது என்று நான் ஒப்புக்கொண்டதே இல்லை. "இதில் கியர் இருக்கிறது கஸ்தூரி."

"நீங்க கீறீங்க இல்ல? கியரு நடுவுலதான கீது. ஸ்டியரிங்கும் காலும் நானு. கியரு நீங்க போடுங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 26, சனி

எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பயிற்சி. நான் "க்ளட்ச்" என்றதும் அவள் மிதிக்க வேண்டும், "விடு" என்றதும் மெதுவாக விட வேண்டும். கஸ்தூரி "மெதுவாக" என்ற சொல்லையே கேள்விப்படாதவள். காலையில் வண்டி எட்டிக் குதித்தது. மத்தியானம் நடுங்கியது. சாயங்காலம் கேட் வரை போனோம், ரோஜாத் தொட்டி ஒன்று காலி.

எஞ்சினின் சத்தம் எனக்கு எழுத்து மாதிரி தெளிவாகக் கேட்கிறது. எப்போது மாற்ற வேண்டும் என்று அது கேட்கும் முன்பே தெரிகிறது. காதுக்கு நன்றி. பலமான நன்றி.

தனபாலுக்கு போன் செய்து, இடைவெளி நேராகத்தான் இருக்கிறது, கோணல் என் கண் என்றேன். "அம்மா, அந்த வழிஞ்ச எடத்த நீங்க பாக்கலதானே?" என்றான். பார்த்தேன் என்றேன். விரலால்.

ஜூலை 27, ஞாயிறு

காற்று இல்லை. கூரை இல்லாத வண்டிக்கு ஏற்ற காலை.

பழக்கத்தில் வலது கதவுக்குப் போய்விட்டேன். கைப்பிடியில் கை. கஸ்தூரி பின்னால் நின்றாள். கதவைத் திறந்தேன், அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஏறினாள். சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்த நான்கைந்து அடிதான் கஷ்டம்.

ஒன்று. இரண்டு. ரா.பேட்டை தாண்டியதும் மூன்று.

"அண்ணி, லாரி!"

"பார்க்க வேண்டியது நீ. க்ளட்ச்."

பங்காருபேட்டை ரோட்டில் நான்காவது கியர். சொல்லி மிதிக்கவில்லை. நான் கையை வைத்தேன், அவள் கால் ஏற்கெனவே அங்கே இருந்தது. வெண்ணெயில் கத்தி போனது போல் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம், என்ன என்று ஞாபகமில்லை. நேராகப் பார்த்தால் ரோடு நடுவில் கலங்கியது. ஓரங்கள் தெளிவாக இருந்தன. புளியமரங்கள், ராகி வயல், ஆடு மேய்ப்பவரின் சிவப்புத் துண்டு. ஓட்டிக்கொண்டு போயிருந்தால் ஓரத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் கூட்டம். ஆட்டோக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இன்னாக்கா, ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா?"

கஸ்தூரி: "அவங்க டிரைவரு. நானு காலு."

"க்ளட்ச்" என்றேன்.

ஜூலை 28, திங்கள்

வெயில். எனக்கு வலது தோள்பட்டையில் வலி, கஸ்தூரிக்கு இடது முட்டியில். ஒரு டிரைவருக்கு வர வேண்டியதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். தைலம் காலி. அடுத்த ஞாயிறு பேத்தமங்கலம் ஏரிக்கரை வரை போகலாம் என்கிறாள். ரிவர்ஸ் கியர் எப்படி என்று இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.