ஊட்டார் என்பதே பாடம்

தேநீரில் ஏலக்காய் சேர்ப்பதா, வேண்டாமா என்ற எங்கள் குடும்பத்தின் நெடுநாள் விவகாரம் நேற்று மாலை நான்கு மணிக்குத் தீர்ந்தது. இரு தரப்பு வாதமும் கேட்கப்பட்டது. ஒரு காய் தட்டிப் போடலாம் என்று முடிவாயிற்று. மனைவி டப்பாவைத் திறந்து வாசம் எழுந்ததும் நான் ஆனைக்கரையில் உங்கள் பக்கத்தில், ஏலக்காய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன், ராவுத்தரே.

எழுபதுகளில் வடகரப்பதியில் உங்களுக்குச் சைக்கிள் கடை. எனக்குப் பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலை. உங்களிடம் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. நபிகள் நாயகத்தின் குடும்பத்தாரைப் போற்றும் தமிழ்ப் பாட்டு, அரபு எழுத்தில். எங்கிருந்தோ வாங்கி உங்கள் பாட்டனார் படியெடுத்தது. பாடியவர் யாரென்று சொல்லும் ஏடு போய்விட்டிருந்தது. நீங்கள் வாசிக்க, நான் தமிழ் எழுத்தில் எழுத, ஒழுங்கான பதிப்பாகக் கொண்டுவருவது திட்டம். ஓர் அடியில் திட்டம் நின்றது.

‘உம்மத்துக் கெல்லாம் உறவான ஊட்டார்.’

உம்மத்து என்றால் நபியைப் பின்பற்றும் மக்கள்; அவர்களுக்கெல்லாம் உறவான நாயகத்தின் வீட்டார் என்பது பொருள். நான் ‘வீட்டார்’ என்றே எழுதினேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

“ஏனுங்க வாத்தியாரே, ஏட்டுல இருக்கறத எதுக்குங்க திருத்தறீங்க?”

“உங்க பாட்டனாரு வாயில வந்தத எழுதிப்போட்டாருங்க.”

“சாயங்காலம் பள்ளிக்கோடம் உட்டா நீங்க போறது வீட்டுக்குங்களா, ஊட்டுக்குங்களா?”

நேரமாகிவிட்டதால் ஊட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த மூன்று நாள் என் சைக்கிளுக்குக் காற்றடிக்க உங்கள் கடையில் பம்பு கிடைக்கவில்லை. பாட்டனார் கவனமில்லாமல் எழுதினார் என்று நான் சொன்னதை நீங்கள் விடுவதாக இல்லை. நான்காம் நாள், மலைமேலுள்ள ஆனைக்கரையில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் இன்னொரு பிரதி இருப்பதாகத் துப்பு கொண்டுவந்தீர்கள். பள்ளிக்கு லீவு போட்டேன். காரணம்: குடும்ப விஷயம். யாருடைய குடும்பம் என்று தலைமையாசிரியர் கேட்கவில்லை.

வியாபாரி தம் பிரதியை விரித்து, அந்த அடியில் விரல் வைத்தார்.

“வீட்டாருன்னுதான்யா போட்டுருக்கு. ஊட்டாருன்னா சோறு ஊட்ட மாட்டாருன்னுல்ல ஆயிரும்?”

நீங்களும் குனிந்து பார்த்தீர்கள். வீட்டார்தான். என் கட்சி வென்றது. கம்பம்மெட்டு பஸ்ஸில் ஏறினோம். உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அந்த அடியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். உம்மத்து. உறவான. கடைசிச் சீருக்கு வந்ததும் நாக்கு தானாக ‘ஊ’வுக்குப் போயிற்று.

“மோனை!” என்று கத்திவிட்டேன்.

கண்டக்டர் மலையாளி, அவர் பாஷையில் மோன் என்றால் மகன். விசில் பறந்தது, பஸ் நின்றது. “ஏது மோன்? எத்ர வயசுண்டு?” என்று ஓடிவந்தார். ஆட்கள் சீட்டுக்கடியில் குனிந்து தேடினார்கள். பின்னாலிருந்த ஓர் அம்மாள் அழவே தொடங்கிவிட்டார்.

“புள்ள இல்லீங்க, எழுத்துங்க!” என்று நீங்கள் எழுந்து நின்று கத்தினீர்கள். அது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

உ, உ, ஊ. ‘வீட்டார்’ போட்டால் மோனை அறுந்துவிடும். ஆக, பாடியவரே ஊட்டார் என்றுதான் பாடியிருக்கிறார். நம் பக்கத்து ஆள். ஆனைக்கரைப் பிரதியை எழுதியவர் என்னைப் போல நாலெழுத்துப் படித்துத் திருத்தியவர். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என் தொடையில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

“அப்ப எங்க பாட்டன் பாத்துத்தானுங்க எழுதியிருக்காரு!”

“பாத்துத்தானுங்க.”

கம்பம்மெட்டில் இறங்கும்வரை இதையே நீங்கள் கேட்க, நான் சொல்ல, பயணம் முடிந்தது.

நூல் வந்தது. அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர் தமிழறிந்தவர்; ‘வீட்டார்’ என்று திருத்திவிட்டார். பிழைதிருத்தத் தாள் அடிக்கச் சொன்னோம். “‘வீட்டார்’ என்பதை ‘வீட்டார்’ எனத் திருத்தி வாசிக்கவும்” என்று அடித்துக் கொடுத்தார். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “உடுங்க வாத்தியாரே, பேனா இருக்குதல்லங்க” என்றீர்கள்.

விற்காத பிரதிகளில் வீட்டாரைப் பேனாவால் ஊட்டாராக்கும் அந்த வேலை, நீங்கள் போன பிறகு என்னிடம் இருக்கிறது. நேற்று தேநீருக்குப் பிறகு நான்கு பிரதிகள் திருத்தினேன். நீங்கள் திருத்தியவை ஊதா மையில் இருக்கின்றன, என்னுடையவை நீலம்.