பாலில் கலந்தது

பாடன்,
மங்சிர் மாதம் 9

அன்புள்ள ஹீரா அக்காவுக்கு, தம்பி மனைவி ரமிலா வணங்கி எழுதுவது. அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக அரிசியும் பாசிப்பருப்பும் உப்பில்லாமல் குழையவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக உங்கள் தம்பிக்குக் கஞ்சி வைத்தேன். உப்பைக் குறைக்கச் சொல்லி மூன்று நாளாகிறது. சிறுநீரகம் தளர்ந்துகொண்டு வருகிறதாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. பக்கத்து வீட்டுப் பெண் நாளை இரவு சிட்னிக்குக் கிளம்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஊசி தொடங்கி இன்று இருபத்து மூன்றாவது நாள். ஆறு வாரம் போட வேண்டும். இதய வால்வின் ஓரத்தில் பட்டாணி அளவுக்குக் கிருமித் திரள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து கெட்ட அதே வால்வுதான். மாதாமாதம் நீங்கள் முதுகில் சுமந்துபோய் ஊசி போட்டு வந்த கதையை நர்சுகளுக்குச் சொல்லிச் சொல்லி, "எங்க அக்கா இங்க இருந்திருந்தா உங்களுக்கெல்லாம் வேலையே போயிருக்கும்" என்று சிரிக்க வைக்கிறார். வலது கை முழுக்க நீலம் பாய்ந்திருக்கிறது. கணக்குப் பரீட்சைத் தாள்களை இடது கையால் திருத்துகிறார். இந்த வருஷம் யாரும் பெயிலாகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் பிரதிமா நல்ல பெண். "மூணு தடவை ரத்தம் எடுத்துக் கிருமி வளருதான்னு பாத்தாச்சு அக்கா, ஒண்ணுமே முளைக்கல. இவ்வளவு கூச்சப்படற கிருமியை நான் பாத்ததே இல்ல" என்கிறார். எந்தக் கிருமி என்று தெரியாததால், அபூர்வமான கிருமிகள், பூஞ்சை என்று ஒவ்வொன்றையும் நினைத்து மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அவற்றில் ஒன்றுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அது கெட்டுவிட்டால், வால்வை மாற்ற வேண்டி வரும்போது அறுவை சிகிச்சையை அவர் உடம்பு தாங்காது.

ஏன் முளைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா.

தசைன் பண்டிகை முடிந்ததும் விகாரையில் நம் வீட்டு முறை வந்தது உங்களுக்குத் தெரியும். பதினாறு வருஷம் காத்திருந்த பூசைப் பொறுப்பு. பதினைந்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது. ஒரு வேளைச் சோறு, மற்றபடி பாலும் பழமும். உள்ளே போவதற்கு முந்தின வாரம்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். அந்தப் புண் வழியாகத்தான் கிருமி உள்ளே போயிருக்க வேண்டும். ஆறாம் நாள் காய்ச்சல். வெளியே வந்துவிடுங்கள் என்று வாசலில் நின்று கெஞ்சினேன். "பாதியில எழுந்து போனா அப்பா பேரு என்ன ஆகும்? சாமி என்னைப் பாத்துக்கும், நீ போய்க் கடையைப் பாரு" என்றார்.

கடையைத்தான் பார்த்தேன். யார் வந்தாலும் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கிற நான், அன்று யாரையும் கேட்காமல் கிருமியைக் கொல்லும் அமாக்சிசிலின் பட்டை ஒன்றை எடுத்தேன். கேப்ஸ்யூலின் கூடு மாட்டெலும்புப் பசையில் செய்தது. அந்தப் பதினைந்து நாளில் அதைத் தொடவே மாட்டார். கூட்டைப் பிரித்தெறிந்துவிட்டுப் பொடியை மட்டும் பாலில் கலந்து, தேன் விட்டுக் கொடுத்தேன். காலையும் மாலையுமாக நான்கு நாள். "பாலு கசக்குதே ரமிலா, பசு எந்தத் தழையைத் தின்னு தொலைச்சுது?" என்று கேட்டார். காய்ச்சல் விட்டது. சாமியே இறக்கி வைத்தார் என்று பெரியவர்கள் அவரைக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்த ஏழாம் நாள் காய்ச்சல் திரும்பியது, மூச்சிரைப்போடு. நான் கொடுத்த அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல், பரிசோதனையில் முளைக்காதபடி அமுக்கி மட்டும் வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டர் கேட்டார், இதற்கு முன்னால் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று. "தீர்த்தத்தைத் தவிர எதையும் தொடல" என்று அவர் கைகூப்பினார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "மருந்துக் கடைக்கார அக்கா, நீங்க ஏதும் கொடுக்கலையே?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். உங்கள் தம்பி முகத்தில் அப்போது அவ்வளவு நிறைவு. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இருபத்து மூன்று மறுநாட்கள் போய்விட்டன.

டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொன்னால் போதும். தேவையில்லாத மருந்துகளை நிறுத்திவிடுவார்கள். இவருக்குத் தெரியவே வேண்டாம். காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் உடம்புக்குள் ஒன்றை வைத்தது நான். அவருக்குத் தெரியாமலே அதைச் சரிக்கட்டுவதும் நானாக இருக்கக் கூடாது. நாளைக் காலை டாக்டர் வருவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுவேன். பிறகு அவர் எதிரிலேயே டாக்டரிடம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது அவருக்குத் தெரிந்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும். என்னோடு பேசாமல் இருக்கலாம். பேசச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள், எனக்காகப் பரிந்தும் பேசாதீர்கள். கோபத்தில் கட்டிலை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடாமல் மட்டும் போனில் சொல்லித் தடுத்து வையுங்கள், அக்கா. இன்றிலிருந்து ஊசி முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

உங்கள் பாதங்களைத் தொட்டு,
ரமிலா