தூணுக்குள் நுரை

ஜூன் 2

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று ஒற்றைப் புருவத்தோடு ஆபீஸ் போனேன்.

ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஓட்டை அடைக்கப் பீய்ச்சுவார்களே, வீங்கி வீங்கிக் கல்லாகிவிடும் ஒரு நுரை, அதை நேற்று காரில் பீய்ச்சினேன். பக்கத்து சீட்டை ஒட்டி, இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கும் தூணுக்குள் ஒரு வருஷமாகக் கடகட சத்தம். மூன்றாவது டப்பா என் முகத்தின் மேல் பாய்ந்தது. மனைவி சவரக்கத்தியோடு வந்து புருவத்தை எடுத்தாள். "ஏங்க, வண்டி வாயை அடைக்கிறதுக்கு முன்னாடி உங்க வாய்ல கொஞ்சம் அடிச்சுப் பாத்திருக்கலாமே."

ஆபீஸில் கணக்காளர்: "சார், எதைப் பாத்து இந்தப் பாதி ஆச்சரியம்?"

ஜூன் 3

சத்தம் செத்தது! திட்டு வாங்கின பிள்ளை மாதிரி வண்டி வாயைத் திறக்காமல் போகிறது. பத்துப் பேரிடமாவது பீற்றிக்கொண்டேன். ஒரு டப்பாவே அதிகம் என்று அதிலேயே அச்சடித்திருப்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 5

தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உப்பியிருக்கிறது, பல்வலிக்காரன் கன்னம் போல. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ முறுக்... முறுக் என்கிறது. இன்னுமா வீங்குகிறது?

ஜூன் 6

பக்கத்து சீட் பெல்ட்டை இழுத்தேன். வந்தது. திரும்பிப் போகவில்லை. அதைச் சுருட்டிக்கொள்ளும் உருளை அந்தத் தூணுக்குள்தான் இருக்கிறதாம். எனக்கெப்படித் தெரியும்? சரி, தெரிந்திருக்க வேண்டும்.

தொளதொளவென்று தொங்கியதை மடித்து, சீட்டுக்குப் பின்னால் மறைவாக ஒரு துணி கிளிப் போட்டேன். மாட்டிப் பார்த்தால் மார்பில் கச்சிதமாக உட்காருகிறது. யாருக்கும் தெரியாது.

மெக்கானிக்கிடம் போகலாம்தான். ஆனால் அவன் வாய் இருக்கிறதே! பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஊற்றியவரை மூன்று வருஷமாக "டீசல் சார்" என்றுதான் கூப்பிடுகிறான். நான் "நுரை சார்" ஆகணுமா? அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜூன் 7

ஒன்பதாம் தேதி என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மனைவி சொல்கிறாள், "அண்ணியை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க லீவு போட வேணாம்." மலை இறக்கத்தில் ஒரு மணி நேரம். பக்கத்து சீட்டில் அக்கா.

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூன் 8

அக்கா வீட்டுக்குப் போய்த் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "அக்கா, முன்சீட் பெல்ட் சரியில்லை. பின்னால் உட்கார்." அக்கா சிரித்தாள். "போடா, பின்னாடி உக்காந்தா எனக்குக் குமட்டும். உன் பெல்ட்டை நம்பியா அறுபது வருஷத்தை ஓட்டினேன்?" மறுபடியும் சொன்னேன். கேட்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 9

ஏழு மணி. அக்கா இங்கேயே வந்துவிட்டாள்; இருவரும் கிளம்பிவிட்டார்கள். அக்கா கையை ஆட்டினாள். வண்டியில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

எட்டே கால். போன் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாள்.

ஒன்பது. எடுக்கலே. இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணுமே. ஏன் எடுக்கலே?

ஒன்பதரை. யாரோ ஒரு ஆள் எடுத்தார்.

ஜூன் 12

முன்னால் போன லாரி நின்றிருக்கிறது. மனைவி பிரேக் போட்டும் லேசாக மோதிவிட்டது. இவளுக்குக் கீறல்கூட இல்லை. அக்காவின் முகம் டாஷ்போர்டில் மோதியிருக்கிறது. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, பற்களைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக்கூடாது.

மெக்கானிக் தூணைப் பிரித்தான். சிரிக்கவில்லை. துணி கிளிப்பை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜூலை 20

நாளை அக்காவின் கம்பியைப் பிரிக்கிறார்கள்.

"பெல்ட் கெட்டது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று, மெக்கானிக் தூணைப் பிரித்த அன்று ராத்திரி மனைவி கேட்டாள். இந்த டைரியை எடுத்து எட்டாம் தேதிப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். "அண்ணிகிட்ட சொல்லித்தான் இருக்கீங்க" என்றாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அக்காவுக்கு எழுதிக் காட்ட ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். தண்ணீர், மாத்திரை, ஃபேனைக் குறை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் போனால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள்.

எட்டாம் தேதிப் பக்கத்தை எழுதியது பன்னிரண்டாம் தேதி, ஆஸ்பத்திரி வராந்தாவில். எட்டாம் தேதி நான் அக்கா வீட்டுக்குப் போகவே இல்லை.