தாமுவிடம் சொல்லாதது

வியாழக்கிழமை, ஆவணி 9.

எட்டு மாதத்துக்குப் பிறகு இன்று சாயங்காலம் பூப்பந்து ஆடப் போனேன். தங்கச்சி கல்யாணம் முடியும்வரை தறியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அதற்குள் எங்கள் அணியின் பின்வரிசையில் என் இடத்துக்குத் தாமு வந்துவிட்டான். என்னைவிட மூன்று வயது சின்னவன்.

நான் அடித்த பந்தெல்லாம் வலையில் போய் விழுந்தது. மட்டையை மாற்றியும் பார்த்தேன். அப்போதுதான் தாமு ஓடி வந்தான்.

"முழங்கைய ஒடம்போட ஒட்டிக்கினு அடிக்கிறணா. தறியில நாடா தள்ற மாதிரி இருக்குது. கைய நல்லா வீசி அடி."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக ஊடைநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிய கைதானே. வீசி அடித்தேன். பந்து எதிர்ப்பக்கக் கோட்டோரம் போய் விழுந்தது. கேப்டன் போய்த் தட்டிக்கொடுத்தது தாமுவின் முதுகை. பந்தை அடித்தவன் நான்.

ஆட்டம் முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்கூடவே வந்தான். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் பந்தயம்.

"என் ஆட்டத்துல ஏதாச்சும் தப்பு இருந்தா சொல்லுணா" என்றான்.

இருக்கிறது. சர்வ் போடும்போது அவன் இடது கால் கோட்டை மிதிக்கிறது. இங்கே யாரும் அதைக் கவனிப்பதில்லை. அங்கே நடுவர் விடமாட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா, நல்லாதான் ஆடற."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "நீயே சொல்லிட்ட, அது போதும்ணா" என்று சைக்கிளில் ஏறிப் போனான்.

பந்தயத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளைக்கே சொல்லிவிடலாம். ஆனால் அங்கே அவன் சர்வ் தப்பாகப் போனால், அந்த இடத்துக்குக் கேப்டன் அடுத்துக் கூப்பிடப்போவது என்னைத்தான்.