கேரட் படம் போட்ட பாட்டில்

நாரின்,
ஏப்ரல் 14

அன்பு மகள் பெகிமாய்க்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி உலானும் நம் வேனும் சுகமாக இருக்கிறோம், வேனுக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். டோலோன் கணவாயில் இன்னும் பனி விலகவில்லை. போன வாரம் பிஷ்கெக்கிலிருந்து திரும்பும்போது நடுவழியில் இரண்டு மணி நேரம் நின்றேன், வண்டியில் இருந்த பெண்கள் என் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடித்தார்கள். உலானின் கல்யாணம் ஆகஸ்ட் இருபதாம் தேதி என்று முடிவாகிவிட்டது. பெண் எல்னுராவின் வீட்டார் வந்து சாப்பிட்டு, தேதி குறித்துவிட்டுப் போனார்கள். உன் அம்மா இப்போதே விருந்துக்குப் போர்சோக் ரொட்டி பொரிப்பதற்கு எண்ணெய் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், இவ்வளவு எதற்கு என்று கேட்டால் உங்களுக்குக் கணக்குத் தெரியாது என்கிறாள்.

இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாததைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போன மாதம் கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இங்க என்கூட வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் என் வலிப்பு தெரியும்பா. விழுந்தா என்ன செய்யணும்னும் தெரியும். அங்க வந்தா மறுபடி பொய் சொல்லணும். நான் வரல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேனைக் கழுவப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன். அன்று காலைதான் அதைக் கழுவியிருந்தேன்.

நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் செய்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மூன்று மாத மாத்திரை இருந்த அந்தப் பழுப்பு பாட்டிலில் ஆஸ்பத்திரி நர்ஸ் உன் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதி, டாக்டரின் முத்திரையும் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். அதைச் சுடுநீரில் காட்டி உரித்தேன். அந்த இடத்தில் கேரட் படம் போட்ட வைட்டமின் சீட்டு ஒன்றை ஒட்டினேன். உன்னோடு ஒரே அறையில் தங்கப்போகும் நம் ஊர்ப் பெண்கள் பார்த்துவிட்டால் ஊருக்கு எழுதிவிடுவார்கள், ஜின் பிடித்த பெண் என்பார்கள், நாளைக்கு உன்னை யார் கட்டுவான் என்று நினைத்தேன். "டாக்டர் குடுத்த காகிதத்த எடுத்துக்கவாப்பா?" என்று நீ கேட்டாய். "எதுக்கு? வைட்டமின்னு சொல்லிக்கோ" என்றேன். கைப்பையில் வை என்று உன் அம்மா சொன்னாள், அதையும் கேட்காமல் பெரிய பெட்டியில் கம்பளிச் செருப்புக்குள் திணித்தேன். அங்கே விமானத்திலிருந்து இறங்கியதும் சுங்கக்காரர்கள் பெட்டியைத் திறந்து இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே வைட்டமின் என்று சொல்லியிருக்கிறாய். அவர்கள் சோதித்துப் பார்த்து, சாயங்காலம் வரைக்கும் உன்னை உட்கார வைத்து, உன்னை விட்டுவிட்டு மாத்திரையை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொய்ச் சீட்டு ஒட்டியவன் நான்.

மாத்திரையில்லாமல் நான்காம் நாள் தொழிற்சாலையில் நீ விழுந்து கை முறிந்து கிடந்தபோது, அங்கே டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, "வெள்ளையா, வட்டமா இருக்கும்" என்று மட்டும்தான் உனக்குச் சொல்லத் தெரிந்ததாம். ஒன்பது வருஷமாகச் சாப்பிடும் மருந்தின் பெயர் என் மகளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், நர்ஸ் ஒட்டிய சீட்டோடு பாட்டிலை உன் கண்ணில் காட்டியதே இல்லையே. தினமும் நானே எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தேன், அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ போனை வைத்த மறுநாள் கோச்கோர் பக்கம் போலீஸ்காரன் ஒருவன் நிறுத்திக் காகிதம் கேட்டான். என் பிளாஸ்டிக் உறையைத் திறந்து லைசென்ஸ், இன்சூரன்ஸ், வண்டிச் சோதனைச் சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். "பெரியவரே, இவ்வளவு வச்சிருக்கீங்க, கல்யாணப் பத்திரமும் உள்ள இருக்கா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்தில் இந்தப் பழைய வேனைக் காகிதமில்லாமல் தெருமுனைக்குக்கூட ஓட்டாதவன், பெற்ற பெண்ணைக் காகிதமில்லாமல் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நம் தெருமுனையில் இருக்கிற ராகியாவின் மருந்துக்கடைக்குப் போனேன். நீ வரும்போது கையிருப்பு தீர்ந்தால் இங்கே இருக்கட்டும் என்றுதான். அவள் வாய்க்குப் பயந்துதானே ஒன்பது வருஷமாக உன் மாத்திரையைப் பிஷ்கெக்கிலிருந்து சுமந்து வந்தேன். வரிசையில் ஐந்து பேர், அதில் எல்னுராவின் அம்மா சோனுனும் ஒருத்தி. அவளைக் கண்டதும் திரும்பிவிடலாமா என்று நினைத்தது உண்மை. ராகியா டாக்டரின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது யாருக்கு அண்ணே?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். "என் மக பெகிமாய்க்கு. ஒன்பது வருஷமா வலிப்புக்குச் சாப்பிடுறா" என்றேன், என் வேனின் ஹாரனை விடச் சத்தமாக. ராகியா மருந்தை எடுத்து வைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்குத் தெரியுமே அண்ணே. உங்க தம்பி வீட்டு விருந்துல அவ விழுந்தப்ப தலைக்கு அடியில சால்வைய வச்சதே நான்தான். பச்சைச் சால்வை. இன்னும் திருப்பிக் குடுக்கல நீங்க."

அந்தச் சால்வையில்தான் உன் அம்மா இத்தனை வருஷமாக ரொட்டி சுற்றி வைக்கிறாள். யாருடையது என்று ஒரு நாளும் கேட்கவில்லை நான். ஊரிலேயே பெரிய வாய் என்று நான் ஒதுக்கின பெண் ஒன்பது வருஷமாக ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நான்தான் உன்னை உன்னிடமிருந்தே மறைத்து வைத்தேன். சோனுன் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனாள், இன்றுவரை பேசவில்லை. என்ன நினைக்கிறாளோ தெரியாது. உன் அம்மாவுக்கு அது கவலைதான். உலான் மட்டும் "அக்காவ மறைச்சு வச்சு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

நீ வருவதானால் ராகியா சொன்னபடி செய். மாத்திரை அதன் சொந்தப் பெட்டியிலேயே, அட்டை வெட்டாமல் இருக்கட்டும். கைப்பையில் வை, பெரிய பெட்டி வழியில் தொலைந்தாலும் தொலையும். அங்குள்ள டாக்டரிடம் உன் பெயரும் மருந்தின் பொதுப் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வாங்கி இரண்டு நகல் எடுத்துக்கொள், கடையில் விற்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறுமாம். திரும்பிப் போகும்போது மாத்திரைக்கு அனுமதி வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கு. பயணம் தள்ளிப்போனால் சமாளிக்க ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாக வை. அவர்கள் கேட்கும் முன் நீயே எடுத்துக் காட்டு. பிறர் மருந்தைத் தொடாதே. இந்தக் கடிதத்தை எடுத்து வரும் குபாத்தின் மருமகளிடம் உன் அம்மா இதயச் சொட்டு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தாள், மகளுக்கு மனசு சரியில்லாதபோது இருக்கட்டுமாம். சில நாடுகளில் அதற்கும் தடையாம், நான் திரும்ப வாங்கி வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்கு இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. அதனால் அந்தப் பெண் கையில் காகிதம் மட்டும்தான் வருகிறது. அன்று நான் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்த டாக்டர் கடிதம் இந்த உறைக்குள்ளே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உரித்த சீட்டை எறியக் கை வரவில்லை அம்மா. வேன் காகிதங்களுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன், அந்தப் போலீஸ்காரன் முன்னால்தான் மறுபடி அது கண்ணில் பட்டது. நர்ஸ் எழுதிய உன் பெயர் கொஞ்சமும் அழியவில்லை. ஆகஸ்டில் நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உன்னிடம் இருக்க வேண்டியது, அனுப்புகிறேன். கடவுள் உன் வழியைத் திறந்து வைக்கட்டும், உன் தலை எங்கே சாய்ந்தாலும் அடியில் யாராவது ஒரு சால்வை வைக்கட்டும். அப்பாவை மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டாலும் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் மறக்காதே: பெகிமாய், அசான்குலின் மகள், காலை ஒன்று, இரவு ஒன்று.

உன் அப்பா,
அசான்குல்