நான் பார்த்த நாலு படம், நீ பார்த்த ஒரு படம்

கேளம்பாக்கம்
10.12.2025

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஷாரோனுக்கு அம்மா செங்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே முட்டி வலியைத் தவிர மற்றபடி நான் சுகம், உன் அண்ணன் பூபாலனும் அண்ணி அனுவும் பிள்ளையும் தேவ கிருபையால் சுகம். நீயும் மாப்பிள்ளை ஜெரோமும் பாப்பாவும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன், முழங்கால் போட முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிக்கிறேன், அதையும் அவர் கேட்பார். போனில் சாப்பிட்டாயா மாத்திரை போட்டாயா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள், பைபிளை வாசித்து வாசித்துத்தான் எழுத்துக் கூட்டினேன், பிழை இருந்தால் பொறுத்துப் படி. ஊரிலிருந்து யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் தியேட்டருக்குப் போய் சினிமா பார்த்தேன். ஒன்று இல்லை, நாலு.

எப்படி என்று கேட்பாய். ஆகஸ்டு மாதம் முட்டி வீங்கி நடக்க முடியாமல் போனதும் பூபாலன் என்னை இங்கே கூட்டி வந்துவிட்டான். சிறுசேரி கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, சில வாரம் அந்த நாளில் பெண்டாட்டி பிள்ளையோடு படத்துக்குப் போவான், என்னைத் தனியாக விட்டுப் போகவும் மனசு வரவில்லை. சினிமா பாவம் என்கிற சபையில் இருக்கிறவள் ஆயிற்றே, முதல் இரண்டு தடவை நான் உள்ளே போகவில்லை. தியேட்டருக்கு வெளியே மாலில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், பிரசங்கம் பண்ண வந்தவள் என்று நினைத்து ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது தடவை அங்கே இருக்கிற காவல்காரன் வந்து, இன்னா பாட்டி, போன தபாவும் இங்கியே குந்திகினு இருந்த, இது பஸ் ஸ்டாண்டா என்று கேட்டான். பூபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது. நீ உள்ள வாம்மா, கண்ண மூடிகினு குந்து, கண்ண மூடிகினா ஒண்ணும் ஒட்டாது என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். கண்ணை மூடினேன், காதை என்ன செய்வது. அரை மணி நேரத்தில் கண்ணும் திறந்துவிட்டது. மறைக்கவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் படம் ஜெயிலிலிருந்து வந்த ஒருவன் கோடாலியால் ஊரையே வெட்டுகிற படம். இடைவேளை வரைக்கும் நாற்பது பேர் எண்ணினேன், அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அத்தனை பேர் செத்தும் அழுவதற்கு ஓர் ஆள் வரவில்லை, எங்கே புதைப்பது என்று யாரும் கேட்கவில்லை. நம் தெருவிலிருந்து ஒரு பிணத்தைக் கொண்டுபோகிற பாதைக்கு உன் அப்பா எத்தனை வருஷம் மனு எழுதினார் என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்கு அது பெரிய பொய்யாகத் தெரிந்தது. இரண்டாவது படத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ரத்தத்தில் வியாதி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே ஜெபித்திருப்பேன் போல, முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். அனு என் தொடையைத் தட்டி, அத்த, அது நடிப்பு, அந்தப் பொண்ணு இந்நேரம் வேற படத்துல ஆடிகினு இருக்கும் என்றாள். நான் ஆமென் சொல்லிக் கண் திறந்தால் கட்டில் காலி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் இன்னொன்றும் பிடிக்கவில்லை, ஒரு நர்ஸ் பகலும் இரவும் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் செய்கிறாள், அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை, டாக்டர் டாக்டர் என்று ஓடுவதுதான் அவள் பாகம். எழுதினவன் வீட்டில் நர்ஸ் இல்லை என்று தெரிகிறது. நீ அங்கே எத்தனை பேருக்கு இப்படிச் செய்கிறாயோ, அதையும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

மூன்றாவது பேய்ப் படம். பேயை ஓட்ட ஒரு பாதிரியார் வருகிறார், பேய் அவரைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுகிறது, அப்புறம் ஒரு மந்திரவாதி வந்து எலுமிச்சம்பழத்தில் வேலையை முடிக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வெளியே போயிருப்பேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. நாலாவது படம் நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. ஓலை வீடும் தெருக்குழாயும் திரையில் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையன் நன்றாகப் பேசினான், ஜனங்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்த அம்மாக்காரி ஆரம்பத்திலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள். கல்பாக்கம் குவாட்டர்ஸில் ஏழு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினவளுக்கு அழ எங்கே நேரம் இருந்தது. ஓர் இடத்தில் அவள் தன் மகளை விளக்குமாற்றால் அடிக்கிறாள், அடுத்து ஒரு பாட்டு வருகிறது, அதில் அந்த மகளே அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். நடுவில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காட்டவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். நடுவே தூங்கிவிட்டேனோ என்று அனுவிடம் கேட்டேன், இல்ல அத்த, அவ்ளோதான் காட்டினாங்க என்றாள்.

அந்தத் தியேட்டர் வாசலில் டிக்கெட் பார்க்கிறவள் யார் தெரியுமா, நம் தெரு சரோஜாவின் மருமகள் சுஷ்மிதா. நாலாவது படத்தன்றுதான் அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டாள், போய் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள், மாமியார் பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். சரோஜாவை உனக்குத் தெரியும், 2003 கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நம் அண்டாவை வாங்கிப்போய் அடியை நசுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உன் வூட்டு அண்டா எப்பவும் அப்டித்தான கீது என்று சொன்னவள். அவள் மருமகள் படம் காட்டுகிற இடத்தில் வேலை செய்யலாம், நான் பார்த்தால் குற்றம். பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் பைக்கில் இவ்வளவு தூரம் வந்தார்கள். டீ குடித்தார்கள். பாஸ்டருக்கும் வயசாகிவிட்டது, கோபப்படவில்லை. ஏம்மா, நாலு பேர் காதுல வியுந்துடிச்சி, திருவிருந்து அன்னிக்கி நீங்களே எய்ந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க, பெத்த பொண்ணையே சபை நடுவுல நிறுத்துனவங்க நீங்க, அத இன்னிக்கும் நான் பிரசங்கத்துல சொல்லிகினுதான இருக்கேன் என்றார். அது உண்மைதான். பத்தொன்பது வருஷமாக, தாய் என்றால் செங்கம்மாளைப் போல இருக்க வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார், நானும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். இந்தத் தடவை அவர் சொன்னபோது டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பூபாலன் வண்டியிலேயே போய் இறங்கினேன். ஆராதனை முடிந்து அப்பத்துக்கு முன்னால் பாஸ்டர் என் பெயரைச் சொன்னார், எழுந்து முன்னால் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியிருந்தேன், ஒரு சொல் வரவில்லை. அத்தனை முகம் எதிரில் இருந்தால் எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா, உனக்குத் தெரியும். முட்டி தாங்காமல் நான் சுவரைப் பிடித்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சரோஜாதான் எழுந்து, பாஸ்டர், அக்காவுக்கு முட்டி ஆகாது, ஒக்காரச் சொல்லுங்க, கர்த்தருக்குத் தெரியும் என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். என்னை உட்கார வைத்து அப்பமும் கொடுத்தார்கள். நான் பேசாமல் நின்றதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சினிமாவுக்காக வருத்தப்படவே இல்லை ஷாரோன், அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்தேன்.

2006 மார்ச் இருபத்தேழு திங்கட்கிழமை, உன் பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த நாள். செங்கல்பட்டில் சிநேகிதிகளோடு படத்துக்குப் போய்விட்டு, சிநேகிதி வீட்டில் இருந்தேன் என்று சொன்னாய். மறுநாள் துணி துவைக்கும்போது பாக்கெட்டில் பாதி டிக்கெட் கிடைத்தது. உன் அப்பா, விட்டுரு செங்கம்மா, பரிச்ச முடிஞ்சி கொயந்த ஒரு படம் பாத்துகீது, அதுக்கு இன்னா இப்போ என்றார். நான் கேட்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி ஞாயிறு உன்னை நிறுத்தினேன். நீ நீலத் தாவணி போட்டிருந்தாய், நான் விளக்குமாற்றால் அடித்த வலது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றாய். நான் சொல்லிக் கொடுத்ததை மெதுவாகச் சொன்னாய். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, பின்னாடி கேக்கல, சத்தமா சொல்லு என்று ஒரு குரல் வந்தது, நீ மறுபடியும் முதலிலிருந்து சொன்னாய். அது சரோஜா குரல் என்று நீ அண்ணனிடம் சொல்லியிருக்கிறாய். அது சரோஜா இல்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னது நான். என் பிள்ளையை நான் எப்படி வளர்த்தேன் என்று கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் நீயே சரோஜா என்று நினைத்துக்கொண்டபோது நான் திருத்தவில்லை, அவளைத் திட்டும்போதெல்லாம் அண்டாவோடு சேர்த்து அதையும் அவள் கணக்கில் எழுதித் திட்டினேன், கொஞ்ச நாளில் எனக்கே அது அவள் சொன்னது போலத்தான் இருந்தது. அவளுக்கு உண்மை தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அண்டாவுக்கு அவளை நான் மன்னிக்கப் போவதில்லை, அது வேறு.

நர்சிங் படிக்கப் போன நீ பண்டிகைக்கும் வராமல் இருந்தாய், அண்ணன் கல்யாணத்துக்கு வந்தாய், அப்பா அடக்கத்துக்கு வந்து மூன்றாம் நாள் போய்விட்டாய். டியூட்டி என்றாய், நானும் எல்லோரிடமும் டியூட்டி என்றே சொல்லிக்கொண்டு வருகிறேன். எனக்கு அலுத்துவிட்டது அம்மா. யார் என்ன செய்தார்கள் என்று தேதியோடு நினைவு வைத்திருந்து என்ன கண்டேன், நான் செய்த ஒன்றைத்தான் வேறு ஆள் பெயரில் வைத்திருந்தேன். அன்றைக்கு நான் செய்தது தப்பு. இதைச் சபையில் சொல்ல வாய் வரவில்லை, உனக்கு எழுதுகிறேன். உறையில் விலாசத்தை இங்கிலீஷில் அனுதான் எழுத வேண்டும், அதற்கு முன்னால் இதை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன், பூபாலனும் படிக்கட்டும். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது பாஸ்டரிடமும் இனிமேல் அந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், ஒருவேளை திருவிருந்துப் பந்தியை விட்டுத் தள்ளி வைப்பார், வைக்கட்டும்.

பனியில் காதைக் கட்டாமல் வேலைக்குப் போகாதே, சின்ன வயசிலேயே உனக்குக் காது வலி வரும். பாப்பாவுக்குப் பால் பாட்டிலை இன்னும் நிறுத்தவில்லை என்றால் நிறுத்து, பல் கெட்டுவிடும். மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் மூன்று பேர் மேலும் அவர் கரம் இருக்க வேண்டும், நீ போகிற இடத்திலும் திரும்பி வருகிற இடத்திலும் உன்னைக் காக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அன்றைக்குச் செங்கல்பட்டில் நீ பார்த்தது என்ன படம், அதில் என்ன கதை என்று நான் கேட்டதே இல்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது முதலிலிருந்து சொல்லு, நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தே. செங்கம்மாள்